மொட்டைமாடித் தொட்டிக்கு ஒரு வயர்லெஸ் சென்சார்: வீட்டிலேயே செய்ய முழு வழிகாட்டி

தொட்டி நிறைந்துவிட்டதை நம் வீடுகளில் முதலில் கண்டுபிடிப்பது காதுதான். ஓவர்ஃப்ளோ குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு யாராவது ஓடிப்போய் மோட்டாரை அணைப்பார்கள். காலியான செய்தியோ தலையில் ஷாம்பூ போட்ட பிறகுதான் வரும். இதற்குக் கடையில் கிடைக்கும் கருவிகளில் பல மாடியிலிருந்து கீழ்த்தளம் வரை வயர் இழுக்கச் சொல்கின்றன. வெயிலில் அந்த வயரின் உறை வெடிக்கும், மழையில் இணைப்பு பச்சை பூக்கும், இடி மின்னல் நேரத்தில் அது வீட்டுக்குள் வேண்டாத விருந்தாளியை அழைத்து வரும். வயரே இல்லாமல், மூன்று பென்சில் பேட்டரியில் ஆண்டுக்கணக்கில் ஓடும் ஒரு சென்சாரை நாமே செய்யலாம்.

ஆர்டுயினோவில் ஒரு எல்ஈடியை மின்ன வைத்திருக்கிறீர்கள், சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அதற்கு மேல் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வயர்லெஸ் சென்சார் என்றதும் எல்லோரும் ரேடியோவைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். ரேடியோ சுலபம், ஒரே மாலையில் பேச வைத்துவிடலாம். கஷ்டமான வேலை, அதைச் சரியாகத் தூங்க வைப்பது, அதாவது வேலை இல்லாத நேரத்தில் பேட்டரியைத் தின்னாமல் இருக்கச் செய்வது. கீழே நான் அதிக இடம் எடுத்துக்கொள்வதும் அதற்குத்தான்.

எந்த ரேடியோ?

பலரும் முதலில் கை வைப்பது நோட்எம்சியூ என்ற வைஃபை போர்டு. வீட்டில் வைஃபை இருக்கிறது, அதுவே போதும் என்று தோன்றும். சுவரில் செருகி ஓட்டுவதற்கு அது நல்ல போர்டுதான். பேட்டரிக்கு ஆகாது. அதில் உள்ள ஈஎஸ்பி8266 சிப் ஆழ்ந்த தூக்கத்தில் 20 மைக்ரோ ஆம்பியர் அளவே எடுக்கும், உண்மை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் சும்மா இருப்பதற்கே சுமார் 5 மில்லி ஆம்பியர் தின்னும். 2000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியை 5-ஆல் வகுத்தால் 400 மணி நேரம். பதினேழாவது நாள் ஏணி எடுத்துக்கொண்டு மாடி ஏற வேண்டும்.

தனி ஈஎஸ்பி மாட்யூலை நல்ல ரெகுலேட்டரோடு சேர்த்து, ஈஎஸ்பி-நவ் முறையில் ரவுட்டரைத் தொடாமல் நேராகச் செய்தி அனுப்பலாம். ஒரு தடவைக்கு 250 பைட் வரை போகும், நமக்கு அது ஏராளம். வீடு சிறியதாக இருந்தால் அந்த வழியே போதும். இரண்டு மூன்று கான்கிரீட் தளம் குறுக்கே வந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் திணறும். அதனால் இங்கே லோரா, குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் போகும் ரேடியோ முறை: ஆர்எஃப்எம்95 என்ற மாட்யூல், உள்ளே செம்டெக் நிறுவனத்தின் எஸ்எக்ஸ்1276 சிப்.

வாங்கும்போது 433, 868, 915 என்று மூன்று வகை கண்ணில் படும். இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2005-லேயே அரசு அறிவித்துவிட்டது. டிரான்ஸ்மிட்டருக்கு 1 வாட் வரை அனுமதி. ஆகவே 868 என்று போட்டதை வாங்கி, புரோகிராமில் 866 என்று வையுங்கள். 915 மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், அது இங்கே உரிமம் இல்லாத பட்டை அல்ல. வேறு நாட்டில் இருப்பவர்கள் அங்கத்திய விதியைப் பார்த்துவிட்டு மாட்யூல் வாங்குங்கள்.

தண்ணீரை எப்படி அளப்பது?

இரண்டு கம்பியைத் தண்ணீரில் விட்டு மின்சாரம் ஓடுகிறதா என்று பார்ப்பது பழைய வித்தை. நேர்மின்சாரம் தொடர்ந்து ஓடினால் மின்பகுப்பு நடந்து கம்பி அரித்துப் போகும், அரித்தது குடிக்கும் தண்ணீரில் கலக்கும். மிதவையும் ரீட் ஸ்விட்சும் (காந்தம் அருகே வந்தால் இயங்கும் ஸ்விட்ச்) நம்பகமானவை, மலிவானவை. நிறைந்ததா காலியா என்பதற்கு மேல் அவை எதுவும் சொல்லாது. அது போதும் என்றால் அதையே செய்யுங்கள், வேலை பாதியாகும்.

எத்தனை லிட்டர் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் மேலிருந்து ஒலியால் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் வேண்டும். பழைய ஹெச்சி-எஸ்ஆர்04 ஈரத்தில் செத்துவிடும். நீர் புகாத ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி பிரபலம்தான். ஆனால் முகத்திலிருந்து 20, 25 செ.மீ. வரை அதற்குக் கண் தெரியாது. தொட்டி நிறையும்போது தண்ணீர் மூடிக்கு அருகில் வந்துவிடும், நமக்குத் துல்லியம் வேண்டியதும் அங்கேதான். ஏ02ஒய்ஒய்யூடபிள்யூ (A02YYUW) என்ற சென்சாருக்கு அந்தக் குருட்டுப் பகுதி 3 செ.மீ. மட்டுமே. 3.3 வோல்ட்டில் ஓடும், சராசரியாக 8 மில்லி ஆம்பியர் எடுக்கும், தூரத்தை மில்லிமீட்டரில் சீரியலில் தானே சொல்லும். விலை கூடுதல். நான் இதைத்தான் சொல்வேன்.

வாங்க வேண்டியவை

மாடிக்கு: ஆர்டுயினோ புரோ மினி (3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ் வகை; 5 வோல்ட் வகையும் பார்க்க அப்படியே இருக்கும், கேட்டு வாங்குங்கள்), ஆர்எஃப்எம்95, மேற்சொன்ன சென்சார், எம்சிபி1700 ரெகுலேட்டர் 3.3 வோல்ட், ஏஓ3401 பி-சேனல் மாஸ்ஃபெட் (சென்சாருக்கு மின்சாரம் விட்டு நிறுத்தும் ஸ்விட்ச்), மூன்று பென்சில் பேட்டரி பிடிக்கும் ஹோல்டர், 1, 10, 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள், ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 100 கிலோ ஓம் ஒன்று, டாட் போர்டு, கேபிள் கிளாண்டோடு (வயர் நுழையும் இடத்தை நீர் புகாமல் இறுக்குவது) கூடிய வெள்ளை ஜங்ஷன் பாக்ஸ். வீட்டுக்குள்: ஈஎஸ்பி32 போர்டு, இன்னொரு ஆர்எஃப்எம்95, 0.96 அங்குல ஓஎல்ஈடி திரை, ஒரு பஸர், பழைய செல்போன் சார்ஜர்.

சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் ஒரு சுற்று சுற்றினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். மற்ற ஊர்க்காரர்கள் ஆன்லைனில் வாங்குகிறார்கள். ஆர்எஃப்எம்95-இன் கால்களுக்கு இடையே 2 மி.மீ.தான் இடைவெளி, பிரெட்போர்டில் உட்காராது. அடாப்டர் போர்டு சேர்த்தே வாங்குங்கள்.

படி 1: மேசையில் ரேடியோவைப் பேச வைத்தல்

சென்சாரையும் பேட்டரியையும் இப்போது மறந்துவிடுங்கள். புரோ மினியின் 11, 12, 13-ஆம் கால்களை முறையே மாட்யூலின் மோசி (MOSI), மிசோ (MISO), கிளாக் (SCK) கால்களோடு இணையுங்கள். 10 என்எஸ்எஸ்-க்கு, 9 ரீசெட்டுக்கு, 2 டிஐஓ0-க்கு. மாட்யூலின் மின்கால்களை ஒட்டியே 10 மைக்ரோஃபாரட், 0.1 மைக்ரோஃபாரட் இரண்டையும் வையுங்கள். இந்த மாட்யூல் 5 வோல்ட்டைத் தாங்காது, ஆகவே ஊனோவோடு நேராக இணைக்க வேண்டாம். புரோகிராம் ஏற்றும் யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டரையும் 3.3-இல் வையுங்கள்.

ஆன்டெனாவுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. 866 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 34.6 செ.மீ.; அதில் கால் பங்கு 8.65, கம்பியில் அலை சற்று மெதுவாக ஓடுவதால் 8.2 செ.மீ. ஒற்றை இழைச் செம்பு வயரை அந்த அளவுக்கு வெட்டிச் செங்குத்தாக நிறுத்துங்கள். இரண்டு முனையிலும் அப்படியே. ஆன்டெனா இல்லாமல் ஒரு தடவைகூட டிரான்ஸ்மிட் செய்யாதீர்கள். போன சக்தி திரும்பி வந்து மாட்யூலின் ஆம்பிளிஃபயரைக் கெடுக்கக்கூடும்.

ஆர்டுயினோவில் லோரா என்ற பெயரிலேயே இருக்கும் லைப்ரரி போதும். அலைவரிசை 866, பேண்ட்விட்த் 125 கிலோஹெர்ட்ஸ், ஸ்பிரெடிங் ஃபேக்டர் 7, சக்தி 13 டிபிஎம், அதாவது 20 மில்லிவாட். ரிசீவரை (ஈஎஸ்பி32-உம் இன்னொரு ஆர்எஃப்எம்95-உம்) அது இருக்கப்போகும் இடத்தில் வைத்துவிட்டு, அனுப்பும் பக்கத்தைப் பவர் பேங்கில் மாட்டி மாடிக்கு எடுத்துப் போங்கள். ரிசீவர் காட்டும் சிக்னல் அளவு மைனஸ் 105-ஐவிட மேலாக (மைனஸ் 90, மைனஸ் 80 என்று) இருந்தால் கவலை இல்லை; இந்த அமைப்பில் மைனஸ் 123 வரை காது கேட்கும்.

ஸ்பிரெடிங் ஃபேக்டரை 12-க்கு ஏற்றிவிட்டால் இன்னும் தூரம் போகுமே என்ற ஆசை வரும். நாம் அனுப்பப்போகும் 8 பைட் செய்தி 7-இல் சுமார் 36 மில்லி விநாடியில் முடியும். 12-இல் கிட்டத்தட்ட ஒரு விநாடி. காற்றையும் அடைக்கும், பேட்டரியையும் உறிஞ்சும். 7-இல் எட்டாவிட்டால் 8, 9 என்று ஒவ்வொன்றாக ஏறுங்கள்.

படி 2: தூங்க வைத்தல்

இங்கே அவசரப்படாதீர்கள்.

புரோ மினியில் பவர் எல்ஈடி ஒன்று எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அதன் ரெசிஸ்டரைச் சூடான அயர்ன் முனையால் தள்ளி எடுத்துவிடுங்கள். போர்டில் உள்ள ரெகுலேட்டரையும் எடுங்கள். அதற்குப் பதில் எம்சிபி1700: இது தனக்கென்று எடுப்பது 1.6 மைக்ரோ ஆம்பியர்தான். உள்ளே 1, வெளியே 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்து, வெளியீட்டை நேராக விசிசி காலில் கொடுங்கள். இதற்கு 6 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. புதிய பென்சில் பேட்டரி நான்கு சேர்ந்தால் 6-ஐத் தாண்டும். மூன்று போதும்.

லித்தியம் செல்லும் சோலாரும் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். சாதாரண லித்தியம்-அயான் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. மே மாத மொட்டைமாடியில் மூடிய பெட்டிக்குள் அந்தச் சூடு மதியத்துக்கு முன்பே வந்துவிடும், சோலார் சார்ஜ் ஏற்றுவதும் அப்போதுதான். பெட்டிக்கடையில் கிடைக்கும் ஆல்கலைன் பேட்டரிக்கு இந்தத் தலைவலி இல்லை.

மென்பொருளில் மூன்று காரியம். ரேடியோவை ஸ்லீப் நிலைக்கு அனுப்ப வேண்டும் (0.2 மைக்ரோ ஆம்பியர்). ஏடிசியை (வோல்ட்டை எண்ணாக மாற்றும் பகுதி) அணைக்க வேண்டும். பிறகு சிப்புக்குள் இருக்கும் வாட்ச்டாக் என்ற கடிகாரத்தைத் துணைக்கு வைத்து, புரோ மினியின் பிராசஸரான ஏடிமெகாவை பவர்-டவுன் நிலைக்கு அனுப்ப வேண்டும். வாட்ச்டாக் அதிகபட்சம் 8 விநாடிக்கு ஒரு முறை எழுப்பும். எழுந்து எண்ணி, 38-ஐ எட்டும்வரை திரும்பத் தூங்கினால் ஏறத்தாழ 5 நிமிடம். இந்தக் கடிகாரம் துல்லியமில்லாதது. பின்னால் இரண்டாவது சென்சார் சேர்க்கும்போது அதுவே நல்லதாகப் போகும்: இரண்டும் ஒரே நேரத்தில் தொடர்ந்து மோதிக்கொள்ளாது.

சென்சாரின் மின்சாரத்தை மாஸ்ஃபெட் வழியாகக் கொடுங்கள். சோர்ஸ் 3.3 வோல்ட்டுக்கு, டிரெய்ன் சென்சாருக்கு, கேட் ஒரு டிஜிட்டல் காலுக்கு, கேட்டிலிருந்து சோர்ஸுக்கு 100 கிலோ ஓம். அந்தக் டிஜிட்டல் காலைத் தாழ்த்தினால் (LOW) சென்சார் விழிக்கும்.

இப்போது ஒரு பூச்சி, அதாவது எளிதில் கண்ணில் படாத ஒரு பிழை (bug). சென்சாரை அணைத்துவிட்டோம், எல்லாம் தூங்குகிறது, ஆனால் மீட்டர் 80 மைக்ரோ ஆம்பியரை ஒட்டிக் காட்டும். எங்கே போகிறது? சாஃப்ட்வேர் சீரியல் லைப்ரரி, செய்தி வாங்கும் காலில் உள்ளே இருக்கும் புல்-அப் ரெசிஸ்டரை (காலை 3.3 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிப்பது) இயக்கிவிட்டுத்தான் வேலை தொடங்குகிறது. முடிக்கச் சொன்னாலும் அதை அணைப்பதில்லை. அந்தச் சுமார் 35 கிலோ ஓம் வழியாக, செத்துக்கிடக்கும் சென்சாரின் பாதுகாப்பு டயோடுக்குள் மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். தூங்குவதற்கு முன் அந்தக் காலைச் சாதாரண இன்புட் ஆக்கித் தாழ்த்துங்கள். ஒரே வரி, மொத்தத் தூக்கச் செலவைவிடப் பல மடங்கு மிச்சம்.

அளப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மல்டிமீட்டரின் 200 மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சில் உள்ளே பெரிய ரெசிஸ்டர் இருக்கிறது. சர்க்யூட் விழித்து 12 மில்லி ஆம்பியர் கேட்டால் வோல்ட் விழுந்து ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். மீட்டரின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு ஜம்பர் வயரைப் போட்டுத் தொடங்கி, தூங்கியதும் ஜம்பரை எடுத்து அளவைப் படியுங்கள். 10 மைக்ரோ ஆம்பியர் அல்லது அதற்குக் கீழே வந்தால் தேறிவிட்டது.

பேட்டரி கணக்கு இதோ. ஒவ்வொரு முறையும் சென்சாரும் பிராசஸரும் சேர்ந்து 12 மில்லி ஆம்பியர் வீதம் 0.6 விநாடி: 7.2 மில்லி ஆம்பியர்-விநாடி. ரேடியோ 33 வீதம் 0.036 விநாடி: 1.2. கூட்டினால் 8.4, அதை 300 விநாடிக்குப் பரப்பினால் 28 மைக்ரோ ஆம்பியர். தூக்கத்தின் 10-ஐச் சேர்த்தால் 38. காகிதத்தில் 2000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி ஆறு ஆண்டு வரும். ஆல்கலைன் அவ்வளவு காலம் கசியாமல் இருக்காது, இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். ரேடியோவின் பங்கு எவ்வளவு சின்னது என்று பார்த்தீர்களா? மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் சென்சார் விழித்திருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

படி 3: சென்சாரைப் படித்தல்

9600 வேகத்தில் நான்கு நான்கு பைட்டாக வரும். முதல் பைட் எப்போதும் 255. அடுத்த இரண்டும் தூரம்: முதலாவதை 256-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டினால் மில்லிமீட்டர். நான்காவது, சரிபார்ப்பு: முன் மூன்றையும் கூட்டி 256-ஆல் வகுத்த மீதி. 255, 7, 161, 167 என்று வந்தால் தூரம் 1953 மி.மீ.; 255-உம் 7-உம் 161-உம் சேர்ந்து 423, மீதி 167, சரி. பொருந்தாததைத் தூக்கிப் போடுங்கள். விழித்தவுடன் வரும் முதல் ஒன்றிரண்டையும் நம்ப வேண்டாம். பிறகு மூன்று எடுத்து நடு மதிப்பை வையுங்கள். சராசரி எடுக்காதீர்கள், ஒரு தவறான எண் மற்றவற்றையும் சேர்த்து இழுத்துவிடும்.

சூடு ஏறினால் ஒலி வேகமாகப் போகும். 25 டிகிரியில் விநாடிக்கு 346 மீட்டர் என்றால் 40-இல் 355. ஒரு மீட்டர் இடைவெளிக்கு இரண்டரை செ.மீ. பிசகும். குடிதண்ணீர்த் தொட்டிக்கு இது பெரிதில்லை, விட்டுவிடலாம்.

அனுப்பும் 8 பைட்: சென்சார் எண் ஒன்று, ஓடும் வரிசை எண் இரண்டு, தூரம் இரண்டு, பேட்டரி மில்லிவோல்ட் இரண்டு, ஒன்று காலியாக (ஒருநாள் வேண்டியிருக்கும்). பேட்டரியை அளக்க ஒரு மெகா ஓம் இரண்டைத் தொடராக வைத்து நடுவிலிருந்து ஏ0-க்கு எடுங்கள், ஏ0-இல் 0.1 மைக்ரோஃபாரட் வைக்காவிட்டால் அளவு தள்ளாடும். லிட்டர் கணக்கை மாடியில் போட வேண்டாம். கீழே வைத்துக்கொண்டால் திருத்தம் செய்ய ஒவ்வொரு தடவையும் ஏணி தேவைப்படாது.

படி 4: பெட்டியும் மாட்டுவதும்

சென்சாரைத் தொட்டியின் மூடியில் ஓட்டை போட்டு மாட்டுங்கள், தொட்டியின் உடம்பில் அல்ல. மூடி கெட்டால் வேறு வாங்கலாம். முகம் நேர்கீழாகப் பார்க்க வேண்டும். தண்ணீர் விழும் குழாயிலிருந்தும் பக்கச் சுவரிலிருந்தும் விலகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவற்றில் பட்டுத் திரும்பும் எதிரொலியைத்தான் அளக்கும். கழுவ வருபவர் மூடியைத் தூக்குவார் என்பதால் வயரைத் தாராளமாக விட்டு, நடுவில் ஒரு கனெக்டர் வையுங்கள். விடியற்காலையில் மூடியின் உட்புறம் வியர்த்து, ஒரு துளி சென்சார் முகத்தில் நின்றால் தூரம் திடீரென்று சில செ.மீ. என்று வரும். ஐந்து நிமிடத்தில் தொட்டி நிறையாது என்று ரிசீவருக்குச் சொல்லிக்கொடுங்கள். நம்ப முடியாத தாவல் அடுத்த இரண்டு செய்தியிலும் தொடர்ந்தால்தான் ஏற்க வேண்டும்.

சாலிடர் செய்த போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவிக் காயவிட்டு, நிறமில்லா நகப்பூச்சை இரண்டு கோட் அடியுங்கள், கனெக்டர்களை விட்டுவிட்டு. ஃபிளக்ஸ் மிச்சமும் மழைக்கால ஈரமும் சேர்ந்தால் மைக்ரோ ஆம்பியர் கணக்கெல்லாம் பாழ். பெட்டியில் கிளாண்ட் கீழ்நோக்கி இருக்கட்டும். அடியில் ஊசி அளவு ஓட்டை ஒன்று, உள்ளே வியர்த்தது வடிய. எறும்பு அதன் வழியே வரும், ஆகவே மெல்லிய வலைத் துணி ஒட்டுங்கள்.

நிழலுக்கு வடக்குப் பக்கம் மாட்டு என்பார்கள். சென்னை போன்ற ஊரில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்டு நடு வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால், வெயில் உச்சத்தில் இருக்கும் மே மாதத்தில் அந்த நிழல் கைவிட்டுவிடும். பெட்டிக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி விட்டு ஒரு தகட்டுக் கூரை வைத்துவிடுங்கள்.

ஆன்டெனா தொட்டிக்கு மேலே தலை நீட்ட வேண்டும். தொட்டியின் அடிப்பக்கம் மறைவாக மாட்டினால், நிறைந்த தொட்டியின் தண்ணீரே ரேடியோ அலையைக் குடித்துவிடும். காலியாக இருக்கும்போது சோதித்துவிட்டு இறங்கியவருக்கு, மோட்டார் போட்டு தொட்டி நிறைகிற நேரம் பார்த்துச் சிக்னல் அறுந்துபோகும்.

படி 5: ரிசீவரும் அளவு திருத்தமும்

ஈஎஸ்பி32 சுவரில் செருகியே இருப்பதால் தூக்கம் தேவையில்லை. வரும் செய்தியைப் பிரித்து ஓஎல்ஈடியில் காட்டினால் போதும். லைப்ரரியில் சிங்க் வேர்டு என்ற ஒன்றை இரு பக்கமும் உங்களுக்கென்று ஒரே எண்ணாக மாற்றுங்கள். அக்கம்பக்கத்துக் கருவிகளின் பெரும்பாலான இரைச்சல் அங்கேயே வடிகட்டப்படும். அது பூட்டு அல்ல, சல்லடைதான். போனில் பார்க்க வேண்டுமென்றால் எம்க்யூடிடி வழியாக, வீட்டுக் கருவிகளை ஒரே இடத்தில் காட்டும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளுக்கு அனுப்புங்கள். எம்க்யூடிடி, செயற்கைக்கோள் வழியே எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க 1999-இல் உருவான நெறிமுறை. தண்ணீர்த் தொட்டிக்கும் குறைவில்லாமல் உழைக்கும்.

அளவு திருத்தத்துக்கு இரண்டு புள்ளிகள். தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாயைத் தொடும்போது திரை காட்டும் தூரத்தை நூறு சதவீதம் என்று குறியுங்கள். வெளியேறும் குழாயின் வாய் தெரியும் அளவு பூஜ்யம். தொட்டியின் அடி அல்ல, ஏனென்றால் அதற்குக் கீழே உள்ள தண்ணீர் குழாயில் வராது. உள் விட்டம் 1.1 மீட்டர் உள்ள உருளைத் தொட்டியில் ஒரு செ.மீ. தண்ணீர் சுமார் 9.5 லிட்டர். மேலே கழுத்து குறுகும் இடத்தில் இந்தக் கணக்கு தப்பும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

பஸருக்கு 95 சதவீதத்தில் ஒரு முறையும் 20-இல் ஒரு முறையும் போதும். இரவு பத்து முதல் காலை ஐந்து வரை வாயை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசிச் செய்தி வந்து எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் திரையில் காட்டுங்கள். நேற்றைய 80 சதவீதத்தை இன்றும் காட்டிக்கொண்டிருக்கும் திரை, இல்லாத திரையைவிட மோசம்.

மோட்டாரையும் இதுவே போட்டு அணைத்தால் என்ன என்று அடுத்த வாரமே தோன்றும். சில மாதம் வெறும் காட்சிக்கு ஓட்டிப் பார்த்த பிறகு யோசியுங்கள். கடையில் கிடைக்கும் நீல நிற ரிலே போர்டு மோட்டாரின் தொடக்க மின்னோட்டத்தில் ஒட்டிக்கொள்ளக்கூடும். ரிலே ஒரு கான்டாக்டரை (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் ஸ்விட்ச்) இயக்க, கான்டாக்டர் மோட்டாரை இயக்க வேண்டும், 230 வோல்ட் பக்கத்தை எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டும். சம்ப்பில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடாதிருக்க அங்கேயும் ஒரு சென்சார் வேண்டும். புரோகிராமில், 15 நிமிடம் செய்தி வராவிட்டால் மோட்டாரை அணை என்ற வரியை, மோட்டாரைப் போடும் வரிக்கு முன்னால் எழுதுங்கள்.